குடியேற்றக் காலனியம், பூர்வகுடி இறையாண்மை: கனடாவை வைத்து ஓர் அறிமுகம்

காலனியம் என்றால் நமக்குப் பழகிய கதை ஒன்று உண்டு. கப்பலில் வந்தார்கள், வணிகம் செய்தார்கள், ஆட்சியைப் பிடித்தார்கள், வரியையும் விளைச்சலையும் வாரிக்கொண்டு போனார்கள், 1947இலும் 1948இலும் கொடியை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். இலங்கை மலையகத்தில் காப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் தேவைப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனார்கள். அந்தக் காலனியத்துக்கு வேண்டியிருந்தது உழைக்கும் கை. ஆள் கூடக் கூட முதலாளிக்கு லாபம்.

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நடந்தது வேறு வகை. வந்தவர்கள் அங்கேயே தங்கி, அதையே தங்கள் நாடாக்கிக்கொள்ள வந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நிலம். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் எவ்வளவு குறைவாக இருக்கிறார்களோ அவ்வளவு வசதி. இந்த வகையைக் குடியேற்றக் காலனியம் என்கிறோம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் பாட்ரிக் வுல்ஃப் 1990களின் இறுதியில் இதற்கு ஒரு தெளிவான வரையறை தந்தார்: இங்கே படையெடுப்பு என்பது ஒரு நாள் நடந்து முடிந்த சம்பவம் இல்லை, இன்றுவரை இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பு. அதன் வேலை, பூர்வகுடிகளைப் பூர்வகுடிகளாக இல்லாமல் ஆக்குவது. கொலை அதற்கு ஒரு வழி மட்டுமே. பள்ளிக்கூடம், கல்யாணச் சட்டம், நில அளவை, பெயர்ப் பட்டியல் எல்லாமே அதே வேலையைச் செய்ய முடியும்.

இது வெறும் கோட்பாடாக நின்றுவிட்டால் புரியாது. ஏக்கர் கணக்கிலும் சட்டப் பிரிவுகளிலும் பார்த்தால்தான் பிடிபடும். கனடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே இவை பெரும்பாலும் ஆவணமாகவே கிடக்கின்றன. நம்மவர்கள் லட்சக்கணக்கில் அந்த மண்ணில் வீடு வாங்கி வாழ்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

நிலம் கைமாறிய விதம்

1763இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பூர்வகுடிகளின் நிலத்தைத் தனியார் யாரும் வாங்கக் கூடாது. அவர்கள் விற்க விரும்பினால், அதற்கென்று கூட்டப்பட்ட பொதுச் சபையில் மன்னரின் பெயரால் மட்டுமே வாங்கலாம். இதை இரண்டு விதமாக வாசிக்க வேண்டும். நிலம் பூர்வகுடிகளுடையது என்று ஒப்புக்கொள்கிறது; இல்லாவிட்டால் வாங்குவானேன்? அதே மூச்சில், வாங்கும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவர்களைக் கேட்காமலேயே அறிவிக்கிறது. பின்னால் வந்த வழக்குகள் எல்லாம் இந்த இரட்டைப் பேச்சிலிருந்து கிளைத்தவை.

விதி இப்படி இருக்க, நடைமுறை எப்படி இருந்தது? டொராண்டோவைப் பாருங்கள். நகரின் பெரும்பகுதி 1787இல் மிசிசாகா மக்களிடமிருந்து 'வாங்கப்பட்டது'. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் நிலத்தின் விவரமே இல்லை. தலைவர்களின் குலச் சின்னங்கள் தனித் தாள்களில் வரையப்பட்டு அதோடு ஒட்டப்பட்டிருந்தன. பத்திரம் செல்லாது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. 1805இல் புதிய பத்திரம் எழுதினார்கள்: 250,880 ஏக்கர், விலை 10 ஷில்லிங். முதல் பத்திரம் செல்லாது என்பதை மிசிசாகாக்களிடம் சொல்லவில்லை. 1787இல் பேசியதைவிடக் கூடுதலான நிலமும் எல்லைக்குள் வந்துவிட்டது. அந்த மக்கள் 1847இல் தங்கள் ஆற்றங்கரையை விட்டே வெளியேறி, வேறொரு பூர்வகுடி நாடு கொடுத்த நிலத்தில் போய்க் குடியமர்ந்தார்கள். 2010இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் இழப்பீடு கொடுத்து இந்த வழக்கை முடித்தது.

மிசிசாகாக்களுக்கு நிலம் கொடுத்த அந்த நாடு ஹோடினோஷோனி கூட்டமைப்பு. ஆறு நாடுகளின் கூட்டமைப்பு என்றும் சொல்வார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் அவர்களில் பலர் பிரிட்டன் பக்கம் நின்று தங்கள் ஊர்களை இழந்தார்கள். அதற்கு ஈடாக 1784இல் ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு நிலம் தரப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 9,50,000 ஏக்கர். இன்று அவர்கள் கையில் இருப்பது ஏறத்தாழ 46,000 ஏக்கர், அதாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. கிச்சனர், வாட்டர்லூ, பிரான்ட்ஃபர்ட் நகரங்கள் மீதி நிலத்தில் எழுந்தவை.

மேற்கே போனால் கணக்கு இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. மேற்கில் வரிசை எண் இட்டுச் செய்த 'எண் ஒப்பந்தங்களில்' முதலாவது 1871இல் மானிடோபாவில் கையெழுத்தானது. அதில், ஐந்து பேர் கொண்ட பூர்வகுடிக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்ற வீதத்தில் நிலம் ஒதுக்கப்பட்டது. தலைக்கு 32 ஏக்கர். அடுத்த ஆண்டே வந்த அரசு நிலச் சட்டம், குடியேற வரும் ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 10 டாலர் கட்டணத்தில் அதே 160 ஏக்கரைத் தந்தது. மூன்று ஆண்டுகள் தங்கிப் பயிரிட்டால் பட்டா அவன் பெயருக்கு வரும். அதை அடகு வைக்கலாம், விற்கலாம். பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலத்தின் உரிமையோ அரசிடமே தங்கியது. அந்த நிலத்தை வங்கியில் அடமானம் வைக்க முடியாது. 1880களில் இன்னொரு தடையும் வந்தது: சமவெளிப் பூர்வகுடிகள் தங்கள் விளைச்சலை விற்க அரசு ஏஜெண்டின் அனுமதிச் சீட்டு வேண்டும். பிறகு, 'அவர்களுக்கு விவசாயம் வராது' என்று அதே அரசு அறிக்கை எழுதியது. இன்று ஒதுக்கிடங்களில் காணப்படும் வறுமைக்குப் பண்பாட்டில் காரணம் தேடுகிறவர்கள், முதலில் அந்த ஒப்பந்தத்தையும் நிலச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஒப்பந்தம் என்றால் விற்பனை என்று நினைப்பது தொடக்கநிலை வாசகர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. ஆங்கிலப் பிரதியில் 'விட்டுக்கொடுத்தோம், ஒப்படைத்தோம்' என்று இருக்கும். பூர்வகுடி நாடுகளின் வாய்மொழி மரபு, நிலத்தைப் பகிர்ந்துகொள்ள உறவு செய்துகொண்டோம் என்கிறது. ஆண்டுதோறும் மன்னர் தரப்பு பணம் தருவது அந்த உறவைப் புதுப்பிக்கும் செயல். எண் ஒப்பந்தங்களின்படி இன்றும் தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர்தான் கொடுக்கிறார்கள். 1850இன் ராபின்சன் ஒப்பந்தங்களில், நிலத்தின் வருமானம் உயர்ந்தால் தொகையும் உயரும் என்று எழுதியிருந்தது. 1875க்குப் பிறகு அது 4 டாலரிலேயே நின்றது. அதே நிலத்திலிருந்து மரமும் தாதும் தோண்டத் தோண்டப் போய்க்கொண்டிருந்தன. வழக்குப் போட்ட ராபின்சன் ஹியூரான் நாடுகளுக்குக் கடந்த காலப் பாக்கியாக 1,000 கோடி டாலர் தர 2023இல் உடன்பாடு ஏற்பட்டது.

ஆட்களைக் குறைக்கும் பட்டியல்

நிலத்தைக் குறைத்தது ஒரு பாதி. மறுபாதி 1876இல் வந்த இந்தியர் சட்டம். அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளை அரசு ஆவணங்கள் 'இந்தியர்' என்றே அழைத்தன. சட்டத்தின் பெயர் இன்னும் அதுதான். யார் பூர்வகுடி என்பதை இனி அந்தந்தச் சமூகம் தீர்மானிக்காது, ஒட்டாவாவில் உள்ள பதிவேடு தீர்மானிக்கும் என்பதே அதன் மையம்.

பூர்வகுடிப் பெண் ஒருத்தி பதிவில்லாத ஆணை மணந்தால் அவள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பிள்ளைகளுக்கும் பதிவு கிடையாது. ஆண் அப்படி மணந்தால் அவன் மனைவியும் பட்டியலில் சேர்வாள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, வழக்கறிஞரோ பாதிரியாரோ ஆனாலோ தானாகவே 'இந்தியர்' என்ற தகுதி போய்விடும் என்றும் 1876 சட்டம் சொன்னது. முன்னேற வேண்டுமானால் தன் மக்களைவிட்டு வெளியேற வேண்டும். 1885 முதல் 1951 வரை விருந்து வைத்துப் பொருள்களை வாரி வழங்கும், மேற்குக் கரையின் பொட்லாட்ச் சடங்குக்குத் தடை. 1927 முதல் 1951 வரை, நில உரிமை கேட்டு வழக்குத் தொடரப் பணம் திரட்டுவதே குற்றம். தகுதியை இழக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் கிடைத்தது.

டோபிக் ஒதுக்கிடத்தைச் சேர்ந்த சாண்ட்ரா லவ்லேஸ், பெண்களின் பெயரை நீக்கும் அந்தத் திருமண விதியை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழுவில் முறையிட்டு 1981இல் வென்றார். 1985இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெண்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் பட்டியல் இரண்டு வகையாகப் பிரிந்தது. 6(1) வகை முழுத் தகுதி, 6(2) வகை அரைத் தகுதி. 6(1) பாட்டி பதிவில்லாதவரை மணந்தால் அவள் மகள் 6(2). அந்த மகளும் பதிவில்லாதவரை மணந்தால் பேரப்பிள்ளைக்குப் பதிவே இல்லை. அந்தப் பிள்ளை பாட்டி வீட்டிலேயே வளரட்டும், பாட்டியின் மொழியையே பேசட்டும், சட்டத்துக்கு அது கணக்கில்லை. வெளியே மணம் செய்துகொள்வது இரண்டு தலைமுறை தொடர்ந்தால் குடும்பம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். பட்டியலில் ஆளில்லாத இடத்தில் ஒப்பந்தக் கடமையும் இல்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்களை வரையறுத்த விதி இதற்கு நேர் எதிர். ஒரு சொட்டு ஆப்பிரிக்க ரத்தம் இருந்தாலும் கறுப்பர்தான் என்றது அது. அடிமை உழைப்பு பெருக வேண்டும், பூர்வகுடிகளின் எண்ணிக்கை சுருங்க வேண்டும். இரண்டு விதிகளையும் எழுதியது ஒரே தேவைதான் என்று வுல்ஃப் காட்டியபோது, இனம் பற்றிய பல ஆய்வுகளின் திசையே மாறியது.

உறைவிடப் பள்ளிகளையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். 1,50,000க்கு மேற்பட்ட குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, தேவாலயங்கள் நடத்திய அரசுப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. ஆயிரக்கணக்கான குழந்தைகள் வீடு திரும்பவில்லை. 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று பெயரிட்டு, 94 பரிந்துரைகளை வெளியிட்டது.

இறையாண்மை யார் கொடுத்தது?

இங்கேதான் முக்கியமான திருப்பம். பூர்வகுடிப் பிரச்சினையைச் சிறுபான்மையினர் உரிமையாகவோ, நலத்திட்டமாகவோ, இட ஒதுக்கீடாகவோ பார்ப்பது நமக்கு எளிது. அப்படிப் பார்த்தால் அரசு கொடுக்க வேண்டும், இவர்கள் பெற வேண்டும். ஆய்வாளர்களும் சமூகத்தினரும் சொல்வது வேறு: கனடா என்ற அரசு பிறப்பதற்கு முன்பே இவை சட்டமும் எல்லையும் தூதுவரும் கொண்ட நாடுகள். அவற்றின் இறையாண்மை யாரும் தந்ததில்லை. ஆகவே யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாது.

ஹோடினோஷோனிகளின் அரசமைப்பில் குலத் தாய்மார்கள்தான் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். தவறினால் நீக்குவதும் அவர்களே. ஐரோப்பியரோடு அவர்கள் செய்த உடன்பாட்டுக்கு அடையாளமாக ஒரு சிப்பிமணிப் பட்டை உண்டு. வெள்ளைப் பின்னணியில் இரண்டு ஊதாக் கோடுகள், ஒன்று கப்பலுக்கு, ஒன்று தோணிக்கு. இரண்டும் ஒரே ஆற்றில் அருகருகே போகும். ஒன்றின் சுக்கானை மற்றது பிடிக்காது.

கனடா அந்தச் சுக்கானைப் பிடித்தது. அதை எதிர்த்து, ஆறு நாடுகளில் ஒன்றான கயூகாவின் தலைவர் டெஸ்காஹே 1923இல் தங்கள் நாட்டுக் கடவுச்சீட்டிலேயே ஜெனீவாவுக்குப் போய், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் முறையிட முயன்றார். சில நாடுகள் ஆதரித்தன. இது பேரரசின் உள்விவகாரம் என்று பிரிட்டன் தடுத்தது. 1924இல் கனடா, கிராண்ட் ஆற்றில் பரம்பரைச் சபையை அகற்றி, இந்தியர் சட்டத்தின்படி தேர்தல் சபையைத் திணித்தது.

அந்தக் கடவுச்சீட்டு இன்னும் இருக்கிறது. 2010இல் மான்செஸ்டரில், வலை கட்டிய கோலால் பந்தாடும் லக்ராஸ் விளையாட்டின் உலகப் போட்டி நடந்தது. அந்த விளையாட்டை உலகுக்குக் கொடுத்தவர்களே ஹோடினோஷோனிகள்தான். அவர்கள் கடவுச்சீட்டை ஏற்க முடியாது, கனடா அல்லது அமெரிக்கக் கடவுச்சீட்டில் வந்தால் அனுமதிக்கிறோம் என்றது பிரிட்டன். அமெரிக்கச் சீட்டு உடனே கிடைக்கும் நிலை இருந்தும் அணி அதை வாங்க மறுத்து, போட்டியையே கைவிட்டது. மோஹாக் ஆய்வாளர் ஆட்ரா சிம்ப்சன் 'மறுத்தல்' என்று பெயரிட்டு விளக்கும் அரசியல் இதுதான். வழங்கப்படும் குடியுரிமையை ஏற்காமல் இருப்பதே, தன் அரசு உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்றாகிறது.

நீதிமன்றம் எதுவரை வரும்

1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் தொடுத்த கால்டர் வழக்கில், பூர்வகுடி நில உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருந்தது என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1982 அரசமைப்பின் 35ஆம் பிரிவு பூர்வகுடி உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் உறுதிசெய்தது. அதே மாகாணத்தின் கிட்க்ஸான், வெட்சுவெட்டென் நாடுகளின் தலைவர்கள் தொடுத்த டெல்கமூக் வழக்கின் விசாரணை மட்டும் 374 நாட்கள். பரம்பரைப் பாடல்களையும் வாய்மொழி வரலாற்றையும் சாட்சியமாக வைத்தார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளியது. 1997இல் உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றுக்கும் உரிய எடை தர வேண்டும் என்றது. 2014இல் சில்கோட்டின் நாட்டுக்கு 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல் நில உரிமை இருப்பதாக முதல்முறையாகத் தீர்ப்பே வந்தது.

இவை பெரிய வெற்றிகள், சந்தேகமில்லை. ஆனால் சோதனையின் அமைப்பைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நில உரிமை கேட்கும் நாடு, 1846இல் அந்த நிலம் தங்கள் தனிப் பிடியில் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அந்த ஆண்டு ஏன்? பிரிட்டனும் அமெரிக்காவும் தங்களுக்குள் எல்லைக்கோடு போட்டுக்கொண்ட ஆண்டு அது. அன்றே மன்னரின் இறையாண்மை அங்கே வந்துவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது. எப்படி வந்தது என்று மன்னர் தரப்பு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. போர் நடக்கவில்லை, பெரும்பகுதியில் ஒப்பந்தமும் இல்லை. நிரூபிக்கும் சுமை முழுவதும் ஒரு பக்கம். இந்த ஒரு கேள்வியைத் தன் முன் வைக்க நீதிமன்றம் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரமே அதன்மேல்தான் நிற்கிறது. டெனே ஆய்வாளர் க்ளென் கூல்த்தார்ட் 'அங்கீகாரம்' என்ற அரசியலை விமர்சிப்பதன் அடிப்படை இங்கே இருக்கிறது: அங்கீகரிக்கும் அதிகாரம் ஒருவரிடமே இருக்கும்வரை, கிடைப்பது அவர் அனுமதிக்கும் அளவுதான்.

கலந்தாலோசிப்பும் இசைவும் ஒன்றல்ல என்பதையும் பிரித்து அறிய வேண்டும். திட்டம் தொடங்குமுன் கலந்துபேசும் கடமை அரசுக்கு உண்டு என்று 2004இல் தீர்ப்பு வந்தது. பேசிய பிறகு மறுத்தால் நிறுத்த வேண்டும் என்று அது சொல்லவில்லை. 2007இல் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனம், தடையற்ற, முன்கூட்டிய, விவரமறிந்த இசைவைக் கோருகிறது. அதை 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவை நான்கே: கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்கும் பின்னால் மாறிக்கொண்டன. 2021இல் கனடா அதற்கென்று சட்டமும் இயற்றியது.

இதற்கிடையே பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்த் திட்டம். பாதை நெடுகிலும் இருந்த தேர்தல் சபைகள் ஒப்பந்தம் போட்டன; வெட்சுவெட்டென் பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். 2020 பிப்ரவரியில் காவல்துறை உள்ளே நுழைந்தது. நாடெங்கும் ரயில் மறியல். 'அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை' என்று பலர் எழுதினார்கள். தேர்தல் சபை இந்தியர் சட்டம் உண்டாக்கியது, அதன் அதிகாரம் ஒதுக்கிடத்துக்குள். குழாய் போனது அதற்கு வெளியே உள்ள பரம்பரை நிலத்தில். டெல்கமூக் வழக்கைத் தொடுத்தவர்களும் பரம்பரைத் தலைவர்கள்தான். யாரிடம் கையெழுத்து வாங்குகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் அரசிடமே இருக்கிறது.

வந்தேறிய நாம்

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளை மீனவர்கள் காப்பாற்றினார்கள். போரால் துரத்தப்பட்டு வந்தவரை, நிலம் பிடிக்க வந்தவரோடு ஒரே சொல்லில் அடைக்கலாமா? இத்துறையில் இது இன்னும் தீராத விவாதம். அடிமைகளாகவும் அகதிகளாகவும் ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களைத் தனி வகையாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர். எந்த வழியில் வந்திருந்தாலும், வாங்கும் வீட்டின் பட்டா அதே 10 ஷில்லிங் பத்திரத்திலிருந்து இறங்கி வருகிறது என்கிறார்கள் மற்றவர்கள். எங்கள் பார்வையில் இரண்டும் உண்மை. குற்றவுணர்வு இங்கே உதவாது, பொறுப்பு உதவும். 2021 ஜூன் முதல் கனடாவின் குடியுரிமை உறுதிமொழியில், பூர்வகுடி உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசமைப்பு என்ற வரி சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லிக் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகிறார்.

பள்ளிகளிலும் விழாக்களிலும், இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் நில ஏற்புரை வாசிக்கும்போது கேட்டுவிட்டுப் போகாமல், ஆறு விவரங்களைத் தேடிப் பாருங்கள்: எந்த நாடு, எந்த ஒப்பந்தம், எந்த ஆண்டு, எவ்வளவு நிலம், என்ன விலை, இன்று வழக்கு எந்த நிலையில். உதாரணத்துக்கு, நம்மவர்கள் நிறைந்த ஏஜாக்ஸும் பிக்கரிங்கும் 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகின்றன. கையெழுத்திட்ட ஏழு நாடுகள் நிலத்தோடு வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் இழந்தன. 2018இல் அந்த உரிமைகள் திரும்ப ஏற்கப்பட்டு, 111 கோடி டாலர் இழப்பீடும் வந்தது. ஒவ்வொரு நாடும் தன் ஒதுக்கிடத்தில் 11,000 ஏக்கர்வரை சேர்த்துக்கொள்ளலாம் என்றும் உடன்பாடு சொல்கிறது. ஆனால் அந்த நிலத்தை, விற்க முன்வருபவர்களிடமிருந்து இன்றைய சந்தை விலைக்கு அவர்களேதான் வாங்கியாக வேண்டும்.